எதிர்வீட்டுக் கரி அடுப்பு

அந்தப் பெண் மயங்கி விழுந்ததற்கு நான் சொன்ன பதில்தான் காரணம்.

எங்கள் எதிர்வீட்டு நெசவாளி அவர். தறியில் நீளவாக்கில் ஏற்றிய பட்டு நூலான பாவில் கன்னத்தை வைத்துத்தான் ஈரம் பார்ப்பார். மழைக்காலத்தில் கதவைச் சாத்தி, பாவின் அடியில் கரி அடுப்பு வைத்துக் காயவைப்பார்.

“தல சுத்துது சார். இந்தக் கரியில ஏதாச்சும் இருக்குதா?” என்று ஒருநாள் கேட்டார்.

நான் வேதியியல் கற்பித்தவன். நாட்டில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு வெளியாகிறது என்ற கணக்குகளைப் பல ஆண்டுகள் படித்தவன். புதிய வண்டிகள் அதைக் குறைவாகவே கக்குகின்றன, விறகும் கரியும் எரியும் வீடுகளின் பங்குதான் பெரிது என்பதெல்லாம் தெரியும். இருந்தும், “நாட்டுக் கணக்குல உன் ஒரு அடுப்பு தூசும்மா, பயப்படாத” என்றேன். அடைத்த அறையில் ஆளைச் சாய்க்க அந்த ஒரு அடுப்பே போதும் என்று யோசிக்கவில்லை.

மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சுவரை இடித்து ஜன்னல் வைத்துக் கொடுத்தேன். அடுத்த மழைக்கே, சாரல் அடிக்கிறதென்று அதைச் சாக்கால் அடைத்துவிட்டார்.

அதிலிருந்து மழை வந்தால் போய்க் கதவைத் தட்டுகிறேன். “இன்னும் சாவல சார், போய் படுங்க” என்று உள்ளிருந்து சிரிப்பார். நேற்று குரல் வரவில்லை. கதவைத் தள்ளினேன். வாய் நிறையச் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் கரி கனன்றுகொண்டிருந்தது.

“பாவு நனையுது சார், கதவ சாத்துங்க.”

மழை விடும்வரை கதவைச் சாத்தவிடாமல் திறந்து பிடித்தபடி நின்றேன்.