ஏணி ஏறத் தடை

அவருக்குத் தொழில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. ஏணி உச்சியில் நின்று ரோலரை உருட்டிக்கொண்டே வீட்டுக்காரரின் சம்பந்தி வரை விசாரித்துவிடுவார். அதனால் எல்லோருக்கும் அவர் ‘ரேடியோ’. கூட வேலை செய்யும் மச்சினன் வாய் திறப்பதே அபூர்வம். திறக்க இடம் கிடைத்தால்தானே!

நாற்பதை நெருங்கும்போது ஒருமுறை ரேடியோவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. முழுதாகக் குணமாகும் முன்பே, மாடிப்படிச் சுவர் பாக்கி இருக்கிறதென்று வாளியோடு கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் ஒருநாள், பாதிச் சுவரில் பேச்சு நின்றுபோனது. கீழே உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த மச்சினனுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் பயம் வந்தது.

“மாமா, என்ன சத்தத்தையே காணோம்?”

“மூச்சு வாங்குது மாப்ளே. நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு.”

மச்சினன் அவரைத் தாங்கி இறக்கி, வண்டி பிடித்து மருத்துவமனையில் சேர்த்தான். ஈ.சி.ஜி. சரியில்லை. மாரடைப்போ என்று ரத்தக்குழாய்களைப் பார்த்தார்கள், அடைப்பே இல்லை. ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இதய மருத்துவர் வந்து கட்டிலருகே நின்றார்.

“காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸ் உங்க இதயத் தசையிலயும் கைவரிசையைக் காட்டிருச்சு. தசை வீங்கியிருக்கு. ரத்தத்தைப் பம்ப் பண்ண முடியாம திணறுது.”

“அந்த வைரஸைக் கொல்ல ஒரு மாத்திரை எழுதுங்க டாக்டர். ஒரே போடா போட்டுரலாம்.”

“பெரும்பாலும் அதை உடம்பே பாத்துக்கும். நாங்க குடுக்கிற மாத்திரை இதயத்தோட சுமையைக் குறைக்க, தேங்குற தண்ணியை வெளியேத்த. சிலருக்கு முத்திப்போய் இதயத்துக்குத் துணையா மெஷின் வைக்க வேண்டி வரும். உங்களுக்கு அந்த அளவுக்குப் போகலை. ஆனா ஆறு மாசத்துக்கு ஏணி கூடாது, பாரம் கூடாது. வலிக்குதுன்னு கடையில மாத்திரை வாங்கிப் போடவும் கூடாது.”

“பேசலாமா?”

பக்கத்தில் நின்ற மனைவி முந்திக்கொண்டார். “அதையும் சேத்துத் தடை பண்ணுங்க டாக்டர்!”

நெஞ்சில் ஒட்டிய ஒயர்களோடே பக்கத்துக் கட்டில்காரரின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்தார் ரேடியோ. ஒரு மதியம் இதயத் துடிப்பு தாறுமாறாகி மானிட்டர் அலறியது. நர்சுகள் ஓடிவந்தார்கள். எல்லாம் அடங்கிய பிறகும் அவர் மனைவியின் கையை விடவேயில்லை.

வீடு திரும்பியதும் அந்தப் பயம் தேய்ந்துவிட்டது. மூச்சு சீரானது, சாப்பாடு இறங்கியது. சமையலறைக் கூரையின் புகைக்கறை மட்டும் கண்ணை உறுத்தியது. மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து ஏணியைச் சாய்த்து ஏறினார். போனவர் பணப்பையை எடுக்க மறந்ததால் திரும்பி வந்தார்.

“இறங்குங்க.”

“ரெண்டே இழுப்பு...”

“இறங்குங்கன்னேன்ல!”

அவர் இறங்கியதும் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். மானிட்டர் அலறியபோதுகூட அழாதவர். ரேடியோ தானே மச்சினனுக்கு போன் போட்டு, “ஏணியை எடுத்துட்டுப் போயிரு மாப்ளே” என்றார்.

மச்சினன் தனியாகவே வேலைகளை முடித்தான்.

“இப்பல்லாம் வேலை சீக்கிரம் முடியுதுன்னு ஜனங்க சொல்றாங்க மாமா.”

“யாருடா சொன்னது?” என்று எழுந்தவரை மனைவியின் பார்வை உட்கார வைத்தது.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இதயம் ஏறக்குறையப் பழைய பலத்துக்கு வந்திருந்தது. ஒரு சின்னத் தழும்பு மட்டும் மிச்சம். மாத்திரையை நிறுத்தாமல், மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பலாம் என்றார் மருத்துவர். முதலில் கதவு, ஜன்னல், கைக்கு எட்டும் சுவர் என்று ஆரம்பித்தார் ரேடியோ. உயரமெல்லாம் மச்சினனுக்கு.

மறு வருஷம் சளி பிடித்து உடம்பு சுட்டது. நாளைக்கே விருந்தாளிகள் வருகிறார்கள், கூடத்தை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வீட்டுக்காரர் போனில் விரட்டினார்.

“காய்ச்சல் போகட்டுங்க, வர்றேன். சுவர் எங்கயும் ஓடிப்போகாது” என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.