சாகு என்றால் போதும்

மைசூருக்கு வந்த புதிதில், வீட்டுக்கார அம்மாள் என் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே "சாகா?" என்று கேட்டார். சோறும் போட்டுச் சாகவும் சொல்கிறாரே என்று பதறிப்போனேன். கன்னடத்தில் சாகு என்றால் போதும், சாகா என்றால் போதுமா. இந்த ஒன்பது வருடத்தில் பால்காரரிடமும் பூக்காரியிடமும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். தர்மபுரிக்குப் போனபோதும் வாய்தவறிச் சொல்லி, அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். டாக்டரம்மா பொறுமையாகவே சொன்னார். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், மிக ஆரம்ப நிலை. வாய்ப்பகுதியில் கூம்பு மாதிரி ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து, கர்ப்பப்பையை விட்டுவிடலாம்; பிறகு விடாமல் பரிசோதனைக்கு வர வேண்டும். இல்லையென்றால் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம். பாதிதான் காதில் விழுந்தது. கடைசியாக, "ஒந்து மகு சாகா?" என்றார். ஒரு குழந்தை போதுமா என்று கேட்டிருக்கிறார். பயத்தில் என் காது தர்மபுரிக்கே ஓடிவிட்டது. மகளை விட்டுவிட்டுச் சாகப்போகிறேன் என்றுதான் எனக்குக் கேட்டது. தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்ப ஏறிய பஸ் நிரம்பியதும் கண்டக்டர், "சாகு, சாகு" என்று ஆட்களைத் தடுத்தார். அப்போதுதான் உறைத்தது. என் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்! இறங்கி ஆஸ்பத்திரிக்கே திரும்பி ஓடினேன்.

"பேகு மேடம்! இன்னொந்து மகு பேகு!" வேண்டும், இன்னொரு குழந்தை வேண்டும். மூச்சு வாங்கியது.

"அளபேடி, கூத்கொள்ளி," அழாதீர்கள் என்று தேற்றி என்னை உட்காரவைத்தார். எடுக்கும் துண்டின் ஓரத்தில் நோய் மிச்சமிருந்தால் மறுபடி பேச வேண்டிவரும் என்றார். பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் கொடுத்து, வீட்டில் படித்துப் பார்த்து நாளை கையெழுத்தோடு கொண்டுவரச் சொன்னார். கன்னடம் பேசுவேனே தவிர ஓர் எழுத்தும் தெரியாது. வெட்கத்தில் அதைச் சொல்லவில்லை.

என் கணவருக்கும் கன்னடம் படிக்கத் தெரியாது. அக்கம்பக்கத்தில் காட்ட மனம் வரவில்லை. எந்த வழியை எழுதியிருக்கிறார் என்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது? வீட்டில் கன்னடம் படிப்பவள் இரண்டாம் வகுப்பு மகள் யாழினி மட்டும்தான். தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீடு போனதால் தர்மபுரியில் பிறந்தவள். தாளை அவளிடமே நீட்டினேன்.

விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள். "கர்ப்ப... கோஷ... உளிசி... கொண்டு..."

கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு. எழுத்து அவளுக்கு, அர்த்தம் எனக்கு. அடக்கிவைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

"கர்ப்பகோஷ அந்த்ரே என்னம்மா?"

"நீ பொறந்த எடம்டி."

"தர்மபுரியா?"

"இல்லடி. அதுக்கும் முன்னாடி நீ இருந்த ஊரு."