போர்ட் ஒஃப் ஸ்பெயினில் வண்டில் தள்ளியது

சனி. மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து புறப்பட்டபோது மைனஸ் இருபத்தொரு பாகை. மகள் ஜெனிற்றாவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு முதுகுப்பை. குளிர் அங்கிகளை மனைவி டோர்வல் விமான நிலைய வாசலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார். ட்ரினிடாட்டில் அவற்றுக்கு வேலை இல்லை என்பது என் கணக்கு.

அங்கே இறங்கியபோது முப்பத்திரண்டு பாகை. விமான நிலையத்திலிருந்து போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரத்துக்கு இருபத்தேழு கிலோமீற்றர். வழியில் டபிள்ஸ் சாப்பிட்டோம்: இரண்டு மெல்லிய பொரித்த ரொட்டிக்குள் கடலைக்கறி, எட்டு உள்ளூர் டொலர்.

ஞாயிறு. பெல்மொண்ட் என்ற மேட்டுப் பகுதியில் மார்வா என்பவரின் வீட்டில் தங்கினோம். ஐம்பது வயது, கனத்த குரல். ஒரு சிறிய ஸ்டீல்பான் குழுவின் தலைவி. எண்ணெய்ப் பீப்பாயின் தட்டைக் குழித்துச் செய்யும் அந்த வாத்தியத்தை ஜெனிற்றா ஆறு வருடமாக மொன்றியலில் பழகுகிறாள். அங்கே சொல்லிக்கொடுப்பவர் மார்வாவின் தம்பி. அப்படித்தான் இந்த அழைப்பு வந்தது.

முற்றத்தில் ஒத்திகை. யாரிடமும் இசைத்தாள் இல்லை, எல்லாம் காதுப்பாடம். மார்வா நிபந்தனையைச் சொன்னார்: "நாளைக்கு சவன்னா மைதானம் வரைக்கும் தாளம் விடாமல் வா. செவ்வாய்க்கிழமை முன்வரிசை உனக்கு. விட்டால், தண்ணீர்ப் பெட்டி தூக்கு."

ஜெனிற்றா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கள். கார்னிவலின் முதல் நாள். வாசிப்பவர்கள் கூரை போட்ட சக்கர வண்டிலில் நிற்பார்கள். அதற்கு எஞ்சின் கிடையாது, ஆட்கள்தான் தள்ளுவார்கள். சும்மா நின்ற என்னை மார்வா இடது பின்மூலையில் விட்டார். எனக்கு நேர் மேலே ஜெனிற்றா.

ஒரு வளைவில், வீட்டு வாசலில் நின்ற பெண்மணி எங்களைப் பார்த்து இரு கைகளையும் உயர்த்தினார். நான் உடனே காலை ஊன்றி வண்டிலை இழுத்து நிறுத்தினேன். மன்னாரில் எங்கள் பங்குத் திருவிழாவில் புனிதரின் சொரூபம் வைத்த கூடு தோளில் வரும்போது, வாசலில் யாராவது கை உயர்த்தினால் தூக்குகிறவர்கள் நிற்பார்கள். என் கால்கள் அதைத்தான் செய்தன. இந்தப் பெண்மணியோ ஆடிக்கொண்டிருந்தார்.

வலது பக்கத்தவர்கள் தொடர்ந்து தள்ள, வண்டில் திரும்பி வடிகாலை நோக்கிச் சாய்ந்தது. இருவர் வாசிப்பை விட்டுவிட்டுத் தூணைப் பிடித்தார்கள். ஜெனிற்றாவின் பான் ஒரு பக்கம் சரிந்தது. அவள் முழங்காலால் அதை அணைத்துக்கொண்டு வாசித்தாள். ஒரு அடி தவறவில்லை. குனிந்து என்னிடம் மட்டும் சொன்னாள்: "தள்ளுங்கோ அப்பா. என்ன, திருவிழாக்கே வந்தனீங்கள்?"

தள்ளினேன்.

சவன்னாவில் மார்வா நேராக என்னிடம் வந்தார். கூடு, சொரூபம், வாசல் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் இடுப்பில் கைவைத்து முழுவதையும் கேட்டார்.

"அங்கிள், இந்த வண்டியில் புனிதர் யாரும் இல்லை. உங்கள் மகள்தான் நிற்கிறாள்."

 

பிறகு ஜெனிற்றாவின் பக்கம் திரும்பி, "நாளைக்கு முன்னால் நில்," என்றார். "அப்பா பின்னாலேயே நிற்கட்டும். நடுவில், இரண்டு தடியன்களுக்கு இடையில்."

செவ்வாய். முன்வரிசையில் ஜெனிற்றா, பின்னால் இரண்டு தடியன்களுக்கு இடையில் நான். தெருவெல்லாம் இறகும் மினுக்கமும். அடுத்த குழுவினர் இரண்டு பேர் அவளைக் காட்டி, அந்தப் பிள்ளை எந்த ஊர் என்று கேட்டார்கள். மொன்றியல் என்றேன். அவர்கள் நம்பவில்லை. மன்னார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

விபூதிப் புதன். காலைத் திருப்பலிக்கு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் எங்கள் குழு. கண்ணிமையில் நேற்றைய மினுக்கம், நெற்றியில் இன்றைய சாம்பல். பின்னேரம் விமானம்.

வியாழன், டோர்வல். மைனஸ் பதினெட்டு. மனைவி வேலையில், அங்கிகள் வீட்டில். என் கணக்கு பிழைத்த இடம் இது. டாக்சி ஓட்டுநர் யாழ்ப்பாணத்தவர்.

"என்ன அண்ணை, ஜக்கெற் இல்லாமல் எங்கை போட்டு வாறியள்? கியூபாவோ?"

"ட்ரினிடாட், தம்பி. கார்னிவலுக்கு."

"கடற்கரை எல்லாம் பாத்தீங்களோ?"

பார்க்கவில்லை. இரண்டு நாளும் நான் கண்டது ஒரு வண்டிலின் பின்பக்கத்தையும், தலைகளுக்கிடையே ஜெனிற்றாவின் முதுகையும்தான்.

"இவ முன்வரிசையிலை வாசிச்சவ," என்றேன். "நான் பின்னாலை நிண்டு தள்ளினனான்."

அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "ரிக்கெற் போட்டுப் போய் வண்டில் தள்ளினனீங்களோ?"

"ஓம். வாற வருசமும் போறன்."