ஏழுமலை அரைத்துவைத்த மாவு

பள்ளிக்குக் கிளம்பி விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது தேன்மொழியின் அழைப்பு வந்தது. "பாபு, ஏழுமலை செத்துட்டாருடா. கடை ஷட்டரைத் தூக்கக் குனிஞ்சாரு, அப்படியே உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரியில கையை விரிச்சிட்டாங்க." நான் அவளிடம் திருப்பிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "விளையாடறியா?" என்றேன். ஐம்பதைத் தொடாத மனிதர். முந்தின நாள் மாலைதான் கூப்பிட்டு, "என்னா வாத்தியாரே, நம்ம கடைப் பக்கம் தலையே காட்டறதில்ல" என்று வம்புக்கு இழுத்திருந்தார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யார்மேல் என்று தெரியவில்லை.

உங்களில் பலர் அவரைத் திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் சாலையில், அந்தச் சின்ன ஓட்டலின் தோசைக்கல்லுக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். சென்னையின் பெரிய ஓட்டல்களில் தலைமைச் சமையல்காரராக இருந்துவிட்டு வந்தவர் என்றால் நம்பியிருக்க மாட்டீர்கள், அவரும் சொல்லிக்கொண்டதில்லை. அவர் மனைவி தேன்மொழி, ஓவியக் கல்லூரியில் என் வகுப்புத் தோழி. நான் டிராயிங் மாஸ்டர் ஆனேன், அவள் கலைஞர் ஆனாள். வரைவதோடு நிற்காமல், புழங்குகிற பொருள்களைக் கண்காட்சிக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தி அதையே படைப்பாக்குகிற நவீனக் கலை அவளுடையது. ஆனால் கடைச் சுவரில் அவளுடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. ஏன் என்று ஒரு முறை அவரிடம் கேட்டேன். "சாப்பிட வந்தவன் தட்டைப் பாக்கட்டும் வாத்தியாரே. சுவத்தைப் பாக்க அவ எடம் தனியா இருக்குதே" என்றார். அவளும் அதற்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஒரே ஒரு முறை அவள் அந்தக் கோட்டைத் தாண்டினாள். அவர் வெளியூரில் கல்யாணச் சமையலுக்குப் போயிருந்த சமயம், கடையின் கிரைண்டரை வண்டியில் ஏற்றிச் சென்னைக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்விட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளை வெளேரென்ற கூடத்தின் நடுவில் அது ஒன்றுமே போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போது, ஊர் திரும்பிக் கடையில் கிரைண்டரைக் காணாமல் தேடிக்கொண்டு, ஒரு கையில் ஊறவைத்த அரிசி வாளியும் இன்னொரு கையில் உளுந்து வாளியுமாக ஏழுமலை உள்ளே வந்தார். "கல்லு வெறுமனே சுத்திக்கினு இருக்குது, தேயாதா? அறிவு இருக்குதா உனக்கு?" என்று கத்திவிட்டு, உளுந்தைப் போட்டு, தண்ணீர் தெளித்து, பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. "கை தட்டாதீங்க சார், பேஜாரு பண்ணிக்கினு. நாளைக்குக் கடைக்கு மாவு வேணும்" என்றார். தேன்மொழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவர்களைப் பற்றி நினைத்தாலே எனக்கு அந்தக் கூடம்தான் கண்முன் வரும்.

அவர் இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது கடைக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் அவர் அரைத்துவைத்த மாவு, அண்டாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்திருந்தது. மண்டகப்பட்டிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, "செத்தவன் அரைச்ச மாவும்மா. பள்ளத்துல ஊத்திட்டு அண்டாவைக் கவுத்துடு" என்று அழுதுகொண்டே சொன்னார். தேன்மொழி நகரவில்லை. புதிதாக ஒரு படைப்பைத் தொடங்கும்முன் பார்ப்பாளே, அந்தப் பார்வையில் மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இதையும் கண்காட்சியில வைக்கப்போறியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் வெடித்தேன்.

"இல்லடா" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "அவரு அரைச்ச மாவை ஒரு நாளும் கொட்டினதில்ல. நானும் கொட்ட மாட்டேன். தூரத்துலேருந்து வந்தவங்க பசியோட நிக்கறாங்க. நீ அடுப்பைப் பத்த வை."

"சாவு விழுந்த வீட்டுல அடுப்பா?" என்றார் அக்கா.

"வீட்டுல இல்லிங்க அண்ணி. கடையில."

அக்கா வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து அவரே உள்ளே வந்து தட்டுகளை எடுத்து நீட்டினார். நான் கோணலும் மாணலுமாகத் தோசை வார்த்துப் போட்டேன். குயிலாப்பாளையத்திலிருந்து வந்த ஓவிய நண்பர்கள், காய்கறி போடுகிறவர்கள், பங்காளிகள் எல்லோரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்டா காலியானது. கடைசித் தோசையைத் தேன்மொழியிடம் கொடுத்தேன். ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

"உப்பே இல்லியேடா."

"நீ சொல்லலியே?"

"நான் என்னாத்த சொல்றது? காலையில கடை திறந்ததும் அவருதானே போடுவாரு" என்றாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், தட்டோடு அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள்.

நானும் கல்லில் ஒட்டியிருந்த துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். மாவு அருமையாகப் புளித்திருந்தது. உப்பு இல்லை. உடலைப் பார்த்தும், மாலை போட்டும் நம்பாத சாவை நான் அங்கேதான் நம்பினேன். ஏழுமலையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாய்தான்.