பல்செட் அக்காவும் மேட்டு பஸ்ஸும்

பஸ் இன்னும் வளைவு திரும்பவில்லை. சத்தம்கூடக் கேட்கவில்லை. அதற்குள் அக்கா கையை நீட்டிவிட்டார். வலது கை ரோட்டுக்குக் குறுக்கே, தோளுக்கு நேராக, ரயில்வே கேட் மாதிரி. இடது கையில் ஒரு துணிப்பை. தளும்பத் தளும்பப் பால் ஊற்றிய பாத்திரத்தைத் தூக்குகிறவர்போல அதைச் சாயாமல் பிடித்திருக்கிறார். நிறுத்தத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பஸ் வந்துவிட்டது என்று சில்லறையைத் துழாவுவார்கள்.

“அவசரப்படாதீங்க, இன்னும் வரல” என்பார். “வளைவுல திரும்பும்போதே டிரைவருக்கு நம்ம கை தெரியணும். யாரோ நமக்காக நிக்கிறாங்கன்னு தெரிஞ்சாத்தானே அவருக்கும் ஓட்டணும்னு ஆசை வரும்?”

மேட்டுக் குடியிருப்பில் அவருக்குப் பெயர் பல்செட் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊரின் இந்தக் கோடியில், அச்சகத்துக்குப் பின்னால், செயற்கைப் பல் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே வார்த்தெடுத்த பல்செட்டுகளுக்கு மெருகு போடுவது இவர் வேலை. சொரசொரப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பார். பிறகு சுழலும் துணிச் சக்கரத்தில் ஈரப்பொடி போட்டுப் பிடிப்பார். கண்ணாடி மாதிரி மின்னினாலும் உடனே விடமாட்டார். மணிக்கட்டின் உட்புறத்தில், தோல் மெல்லிசாக இருக்கும் இடத்தில், மெல்ல ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். “கையை உறுத்தினா வாய் சும்மா விடுமா?” என்று மறுபடி சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

முடிந்த செட்டுகளை ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பல் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் இவர்தான். அதற்குத்தான் பஸ். அதற்குத்தான் சாயாத பை.

அவரிடம் பேசுகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பஸ்ஸில் தினமும் வருகிறவர்களை அவர் நினைவில் வைத்திருப்பதும் அப்படியே. முன்பல் இடைவெளி சார், தங்கப் பல் டீச்சர், ஒருபக்கமா மெல்லுற அண்ணன். ஒருமுறை பக்கத்தில் வந்து உட்கார்ந்த வங்கி ஊழியரிடம், “தம்பி, பல்லு நுனியெல்லாம் தேஞ்சிருக்கே, தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறீங்களா? வீட்டுல யார் மேல கோவம்?” என்று கேட்டார். அவர் பதறிப்போய் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். மறுநாள் அவராகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “வீட்டுல இல்லக்கா, மேனேஜர் மேல” என்றார்.

கணவர் ஸ்கூட்டர் மெக்கானிக். ஊரில் நின்றுபோன வண்டிகளை எல்லாம் ஓடவைக்கிறவர். சொந்த ஸ்கூட்டர் மட்டும் வாசலில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது. சக்கரம் ஒரு பக்கம், இருக்கை ஒரு பக்கம். “சாயங்காலம் பூட்டிடறேன்” என்பது அவர் தினமும் சொல்லும் வசனம். எந்தச் சாயங்காலம் என்று சொல்வதில்லை.

“பூட்டினாலும் நான் ஏறமாட்டேன்” என்கிறார் அக்கா. “அதுல போனா அவர் பேச்சை மட்டும்தான் கேக்கணும். பஸ்ஸுல போனா என் பேச்சை ஊரே கேக்கும்.”

இனி பஸ் சட்டத்துக்கு வரலாம். டிரைவரின் முதுகுக்குப் பின்னால், யாருக்கும் கண்ணில் படாத இடத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும். நகரப் பேருந்து விதிகள் என்று தலைப்பு. அதைப் படிப்பதற்காகவே முன் இருக்கைக்குப் போய் உட்காருகிறவர் அக்கா. எந்த வழித்தடத்துக்கு எந்த நிதியிலிருந்து பணம் வருகிறது, எப்போது நிறுத்தலாம் என்று சட்டத் தமிழில் நீளமாக எழுதியிருப்பதை அவர் வீட்டுத் தமிழில் சொல்லுவார்.

“கடைவீதி பஸ் சம்பாதிக்கிற மூத்த பிள்ளை. நம்ம பஸ் இருக்கே, வீட்டுல சும்மா இருக்கிற தம்பி. மேட்டுல ஏறி இறங்குற செலவுக்கு வரும்படி காணாது. அதுக்காக தம்பியைப் பட்டினி போடலாமா? கூடாதுன்னு சட்டம் இருக்கு. கார்க்காரங்க ஊருக்குள்ள வண்டி நிறுத்துறதுக்குக் கட்டணம் கட்டுறாங்க இல்ல, அதுல இருந்து தம்பிக்குச் சோறு. ஆனா தம்பி இழுத்துப் போத்திப் படுத்தே கிடந்தா சோறு கட். கொஞ்சமாவது நடமாடணும். நடமாட்டம் இருக்கான்னு பாக்க ஒரு நாள் ஆள் வரும்.”

போன தடவை ஆள் வந்த அன்று கொட்டு கொட்டென்று மழை. மேட்டிலிருந்து இறங்கியவர்கள் அக்காவும் நனைந்த ஒரு குடைக்காரரும்தான். மழையை உத்தேசித்து இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். இந்த முறையும் வண்டி காலியாக இருந்தால் நிதி நிற்கும். நிதி நின்றால் பஸ் நிற்கும். “வியாழக்கிழமை காலை நடைக்கு வர்றாங்கக்கா” என்றார் கண்டக்டர், வீட்டில் யாருக்கோ உடம்பு முடியாததைச் சொல்கிற குரலில்.

பட்டறை முதலாளியும் அன்றே பேச்சை எடுத்தார். பஸ் நின்றுவிட்டால் செட்டுகளைக் கொண்டுபோக வண்டி வைத்திருக்கும் ஒரு ஆளைப் பார்க்க வேண்டியதுதான். நீங்கள் மெருகோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அரைநாள் வேலை போதும். கெட்ட மனிதர் இல்லை, கணக்கைச் சொன்னார். ஒரு யோசனையும் சொன்னார்.

“பத்திருபது பேருக்கு டீக்காசு குடுத்து அன்னைக்கு மட்டும் ஏத்திவிடுங்களேன். ஒரு ரவுண்டு சுத்திட்டு வந்துடட்டும்.”

அக்கா சக்கரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். “நான் பண்றதே பொய்ப் பல்லு. ஆளும் பொய் ஆளா? வேலை இல்லாம ஏறிச் சுத்துனா அதுக்குப் பேரு பஸ் இல்ல சார், ராட்டினம்.”

அன்று மாலை குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டினார். பஸ்ஸைக் காப்பாற்றுங்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒரு வேலை தள்ளிப்போட்டுக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். பஸ்ஸில் வைத்து அவரிடம் சொல்லாதவர்கள் யார்?

தையல்காரர் மெஷினில் குனிந்திருந்தார். மூக்கு ஊசியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“கண்ணாடி மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே அண்ணே, வியாழக்கிழமை காலையில போய்ட்டு வந்துடுங்க.”

“அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா. கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

“போன வாரம் எங்க வீட்டுக்காரர் சட்டைக்குப் பாக்கெட்டை உள்பக்கம் வச்சுத் தைச்சிருக்கீங்க.”

“அது இப்ப ஃபேஷன்மா.”

“ஃபேஷன் இல்ல அண்ணே, பவர். வியாழக்கிழமை.”

ஓய்வுபெற்ற வாட்ச்மேன் வீட்டில்தான் நேரம் பிடித்தது. அவருடைய தம்பி பஸ் போய்ச் சேரும் மறுகோடியில் இருக்கிறார். ஒரு கதவு நிலையைப் பங்கு பிரிப்பதில் வந்த சண்டை. இருவரும் பேசிப் பல வருஷம் ஆகிறது. தம்பிக்கு இடுப்பில் அடி என்று கேள்விப்பட்டதிலிருந்து வாட்ச்மேனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீறாப்பும் போகவில்லை.

“அவன் முதல்ல வரட்டும்.”

“இடுப்பு ஒடிஞ்ச மனுஷன் எப்படிங்க வருவார்? வந்தாலும் இதே பஸ்ஸுலதானே வரணும். இது நின்னுபோச்சுன்னா உங்க ரெண்டு பேருக்கும் நல்ல சாக்கு கிடைச்சிரும். ‘போகலாம்னுதான் இருந்தேன், பஸ் இல்ல’ன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கலாம்.”

வாட்ச்மேன் பொக்கை வாயை ஒருமுறை மென்றார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, அவர் வருவார் என்று முடிவுகட்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை. அக்கா வழக்கம்போல் முதலில் வந்து கையை நீட்டி நின்றார். பின்னால் வரிசை சேர்ந்தது. தையல்காரர். நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்காத புத்தகத்தோடு தங்கப் பல் டீச்சர். பழுதான மிக்சியைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்திருந்த ஒரு மாமியாரும், ரசீதைத் தொலைத்ததற்காக அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டே வந்த மருமகளும். பென்ஷன் அலுவலகத்துக்கு ஒரு கும்பல். கடைசியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பொட்டலத்தோடு, யாரையும் பார்க்காமல் வாட்ச்மேன். “தைலம்” என்றார், யாரும் கேட்காமலே. அக்காவின் கணவரும் கரி படிந்த கையோடு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

வளைவு திரும்பிய டிரைவர் கூட்டத்தைப் பார்த்துப் பிரேக்கை அழுத்திய அழுத்தில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “என்னக்கா, மேட்டையே காலி பண்ணிட்டீங்களா?”

எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக அக்கா படியில் ஏறினார். முன் இருக்கையில் கணக்கெடுப்பு அதிகாரி, மடியில் அட்டை, காதில் பேனா. ஒல்லியான மனிதர். ‘மேல்வரிசை கொஞ்சம் தூக்கல், கம்பி கட்டியிருக்கலாம்’ என்று அக்கா அந்தப் பதற்றத்திலும் கவனித்திருக்கிறார். அதிகாரி எண்ணினார். மறுபடி எண்ணினார். டிரைவர் தலைக்கு மேல் எழுதியிருந்த அளவைப் பார்த்தார். பேனாவைக் காதுக்கே திருப்பினார்.

“ஒரு ஆள் அதிகம். ஒருத்தர் இறங்கினாத்தான் வண்டி எடுக்கலாம்.”

இந்த வழித்தடத்தில் அளவு மீறி ஆள் ஏறுவார்கள் என்று அந்த விதியை எழுதியவரே கனவிலும் நினைத்திருக்கமாட்டார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். அதிகாரி பக்கத்தில் இருக்கும்போது விதியை மீற அவருக்கென்ன தலையெழுத்தா?

“யாரு சார் இறங்கணும்?” என்றார் கண்டக்டர், கூட்டத்துக்கு நடுவில் எங்கிருந்தோ.

“யாருன்னு சட்டம் சொல்லல. ஒருத்தர்னுதான் சொல்லுது.”

“அப்ப நீங்களே இறங்குங்க சார்” என்றது மிக்சி வைத்திருந்த மாமியாரின் குரல்.

“நான் கணக்கெடுக்க வந்தவம்மா. சட்டப்படி நான் ஆள் இல்ல.”

“ஆள் இல்லாதவருக்கு எதுக்கு ஜன்னலோர சீட்டு?”

பஸ் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். ஆனால் கடிகாரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “இங்க பாருங்க, இப்ப கிளம்பினா ‘நிரம்பிய நடை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுவேன். பஸ்ஸுக்கு ஒரு குறையும் வராது. நேரத்துக்குக் கிளம்பாத வண்டி, ஓடாத வண்டிக் கணக்குல போயிடும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல.”

காலியாக இருந்தால் சோறு கிடையாது. வழிய வழிய இருந்தால் நகரவே கூடாது. அக்கா படியில் நின்றபடி ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். எல்லா வாயும் இறுக மூடியிருந்தன. அவர் இழுத்து வந்த கூட்டம்தானே, ஒவ்வொருவருக்கும் என்ன வேலை என்பது அவருக்கே மனப்பாடம். தையல்காரர் இறங்கினால் இன்னும் எத்தனை பாக்கெட் உள்பக்கம் போகுமோ. வாட்ச்மேன் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். சாக்கு ஒன்று தேடி வந்து நிற்கிறது. இறங்கினால் இனி ஏறமாட்டார். ஒரு காலைக்கூட எடுத்து வைத்துவிட்டார்.

“நீங்க எங்க போறீங்க? உக்காருங்க” என்று அவரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு அக்கா கீழே இறங்கினார்.

ஜன்னல் வழியாகத் துணிப்பையை உள்ளே நீட்டினார், அதிகாரியிடம்.

“சார், உங்க மடிதான் காலியா இருக்கு. கடைசி ஸ்டாப்புல ஆஸ்பத்திரிப் பொண்ணு வந்து வாங்கிக்கும். ஒரு பெரியவர் இதுக்காக வாயைத் திறக்காம உக்காந்திருக்கார்.”

“என்னம்மா இது?”

“பல்லு. ஆட்டாதீங்க, கடிச்சிடும்.”

அதிகாரி பையை இரண்டு கையாலும் வாங்கி, அட்டையின் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவர் இன்ஜினை உசுப்பினார். கண்டக்டர் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். கையைத் தூக்க இடமில்லை, விசிலும் எங்கோ சட்டைப்பையில். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்.

அக்கா பஸ்ஸின் பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு அடி அடித்தார். “போலாம், ரை…ட்!”

வண்டி நகர்ந்தது. சரிவில் இறங்கும்போது முன் ஜன்னலில் அதிகாரி தெரிந்தார். ஒரு கை பையைச் சாயாமல் பிடித்திருந்தது. இன்னொரு கை எழுதிக்கொண்டிருந்தது.

தூசி அடங்கியது. நிறுத்தத்தில் அக்காவும் கணவரும்தான் மிச்சம். அவர் கரிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தார்.

“ஊரையே ஏத்திவிட்டுட்டு நீ நிக்கிறே பாரு. வண்டியைச் சாயங்காலம் பூட்டிடட்டுமா?”

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. அடுத்த பஸ் வருவதற்கு ஏக நேரம் கிடந்தது. காலியான வளைவைப் பார்த்துத் திரும்பி நின்று, வலது கையைத் தோளுக்கு நேராக நீட்டினார்.