தடுப்பூசி முகாமில் நான் மயங்கியது பற்றி

பாளையங்கோட்டைக் கல்லூரியொன்றில் இயற்பியல் போதித்து ஓய்வு பெற்றவன் நான். என் சொல்லை எங்கள் தெருவில் எவரும் ஐயுற்றதில்லை. சர்க்கரை நோயாளியாகிய நான், கொரோனாத் தடுப்பூசி முகாமுக்கு, இரத்தப் பரிசோதனைக்குச் செல்வதுபோல் வெறும் வயிற்றோடு சென்றேன். வழக்கமான மாத்திரையை மட்டும் விழுங்கியிருந்தேன். வரிசையிலேயே மயங்கி விழுந்தேன்.

"சர்க்கரை இறங்கிட்டு சார். உங்களுக்கு ஊசி அவசியம்தான். ஆனா சாப்பிட்டுட்டுல்லா வரணும்?" என்றார் மருத்துவர். மறுநாள் உண்டபின் போட்டுக்கொண்டேன்; ஒன்றும் நேரவில்லை.

ஆனால் இதய நோயாளியான எதிர்வீட்டு அண்ணாச்சி, "ஊசி உம்மையே சாச்சிட்டே, நான் போகமாட்டேன் வே" என்றார். விளக்கினேன். "மானத்துக்குப் பயந்து மறைக்கீரு" என்று சிரித்தார். தெருவே அவரோடு சேர்ந்துகொண்டது.

என் பெயரைச் சொல்லியா ஓர் உயிரைப் பணயம் வைப்பது? நான் விழுந்தபோது எனக்கு ஊசியே போடப்படவில்லை.