எலிகளுக்கு வழிவிட்டவள்

தூத்துக்குடியில் ஒரு பொம்பளை எலி வளர்க்கிறாளாம். பக்கத்து வீட்டுக்காரன் மேல் உள்ள பகையில், வளர்த்த எலிகளை அவன் கருவாடு அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குள் திறந்து விடுகிறாளாம். மாலத்தீவில், மாலே துறைமுகத்தில் வெங்காயம் இறக்க வந்து, முறை கிடைக்காமல் ஒரு மாதமாக நிற்கிற தோணியை ஓட்டும் தண்டல் சுடலைக்கண்ணன் என்னிடம் இதைச் சொன்னார். அவருக்கு அவருடைய மச்சினன் போனில் சொன்னதாம்.

"எந்தப் பக்கம் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"திரேஸ்புரம்னு சொன்னான். வீடு பூரா பூனையாம். பூனை வளக்கிறவ எதுக்கு எலி வளக்கணும்? அதான் எனக்கு வெளங்கல."

எனக்கு விளங்கிவிட்டது. திரேஸ்புரத்தில் வீடு பூரா பூனை என்றால் அது என் அக்கா ஈவாஞ்சலின்தான். எலி வளர்ப்பது பொய்யாக இருக்கும். பகை உண்மையாக இருக்கும். இங்கே இறக்குமதிக் கம்பெனியில் உட்கார்ந்து தோணிச் சரக்குக்குக் காகிதம் பார்க்கிற எனக்குப் பாதி ஊர்ச் செய்தி இப்படித் தண்டல்கள் வாயால்தான் வரும்.

அக்கா எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் ரெக்சன் அத்தானின் சித்தப்பா ஒருவர், அவள் வைத்த மீன் குழம்பில் உப்பு கூடிப்போனதாகப் பந்தியில் சத்தமாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் எப்போது வந்தாலும் அவருக்கு மட்டும் தனிச்சட்டியில் உப்பில்லாக் குழம்பு. "ஒங்களுக்குப் பிரஷர் வந்திரக் கூடாதுல்லா சித்தப்பா" என்று சிரித்துக்கொண்டே ஊற்றுவாள். பேரன் எடுத்த பிறகும் அவருக்கு அந்த வீட்டில் உப்பு கிடைக்கவில்லை.

இறால் கம்பெனியில் தரம் பிரிக்கும் பிரிவுக்கு அவள் மேற்பார்வை. வேலை முடிந்து திரும்பும்போது கையில் ஏறிய இறால் வாசனைக்குத் தெருப் பூனைகள் பின்னால் வரும். ஆனால் அப்படி வந்த எதையும் அவள் வீட்டுக்குள் சேர்த்ததில்லை. அடிபட்டதும் தூக்கி எறியப்பட்டதும்தான் அவள் வீட்டுக்குள் வரும். அத்தான் கப்பலில் போய்விட, மகள் ரீனா பாளையங்கோட்டை விடுதிக்குப் போய்விட, வீட்டில் இருந்தது அக்காவும் நான்கு பூனைகளும்.

மூத்தவன் கப்பித்தான். பழைய துறைமுகத்தில் ஒற்றைக்கண் போய்க் கயிற்றுச் சுருளுக்குள் கிடந்தவன். மற்றவை தின்று முடித்த பிறகுதான் தட்டுக்கு வருவான். கருவாட்டை மோந்துகூடப் பார்க்க மாட்டான். பொழுது சாய்ந்ததும் மதில் ஏறிப் பக்கத்துக் கிட்டங்கிக்கு எலி பிடிக்கப் போவான், விடிந்ததும் திரும்புவான். அக்கா அதை "டூட்டி" என்பாள். சீமாட்டி, இறால் கம்பெனிச் சாக்கடையில் கிடைத்தவள். உரித்த இறாலைத் தவிர வேறெதுவும் இறங்காது. ரீனா வந்து அம்மா மடியில் படுத்துவிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். ஆனால் எலி பிடித்தால் தின்னாமல் அக்காவின் தலையணையில் கொண்டு வந்து வைப்பாள், மரியாதைக்கு. பாதர், கோயில் வாசலில் அட்டைப்பெட்டிக்குள் விட்டுப்போன குட்டி. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. ஜெபமாலைக்குத் தவறாமல் வந்து உட்கார்ந்து இரண்டாம் காரணிக்கத்தில், இருபது மணி உருளுமுன்பே, தூங்கிவிடுவார். கடைசியாகக் கள்ளன். வலைக்குவியலில் சிக்கிக் கிடந்தவனை அறுத்து எடுத்தாள். பெயருக்கு ஏற்றவன் என்பதை அவன் சீக்கிரமே காட்டிவிட்டான்.

பக்கத்து வீட்டு விக்டர் அண்ணன் கொழும்புக்குக் கருவாடு அனுப்புகிறவர். அவர் மாடியில் காயவைத்த சீலா மீனைக் கள்ளன் இழுத்துக்கொண்டு போனான். ஒருமுறை அல்ல, பலமுறை. கடைசியில் அவர் ஆள் வைத்துப் பூனையைப் பிடித்தார். பிடித்தது கப்பித்தானை. தரையில் எங்கே கொண்டு விட்டாலும் திரும்பி வந்துவிடும் என்று, சாக்கில் கட்டி மாலத்தீவுக்குப் போகும் தோணியில் ஏற்றிவிட்டார்.

அக்கா விசாரித்துக் கண்டுபிடித்தாள். அழவுமில்லை, சண்டைக்குப் போகவுமில்லை. மிச்ச மூன்றையும் வீட்டுக்குள் விட்டு, ஜன்னல், முற்றம் எல்லாவற்றையும் பழைய வலையால் இழுத்துக் கட்டிவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. கப்பித்தானும் இல்லை, மற்றவையும் வெளியே இல்லை. எலிகள் வந்துவிட்டன. கொழும்புக்குக் கட்டி வைத்த கருவாட்டுச் சிப்பங்களைக் குடைந்து குடித்தனம் நடத்தின.

அன்று ராத்திரி நான் போன் செய்தபோது இதையெல்லாம் சொன்ன அவள் குரலில் ஒரு மாதத் திருவிழா இருந்தது.

"மதிலுக்கு அந்தப் பக்கம் அவன் கம்பை வச்சுத் தட்டுத சத்தம் கேக்குலே. கேட்டுக்கிட்டே காப்பி குடிக்கேன். அப்படி ருசியா இருக்கு."

"அக்கா, பாவம்க்கா. கொழும்புக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்பிட்டானாமே."

"திருடுனவன் கள்ளன். அவனைப் பிடிச்சு நாலு சாத்து சாத்தியிருந்தா நானே கம்பு எடுத்துக் குடுத்திருப்பேன். ஒரு தப்பும் பண்ணாதவன, அவன் கிட்டங்கியவே காத்துக் குடுத்தவன, கடல்ல அனுப்பிருக்கான். பாவமாம் பாவம்!"

மறுநாள் சுடலைக்கண்ணனின் தோணிக்குக் காகிதம் எடுத்துக்கொண்டு போனேன். வெங்காய மூட்டைகளின் உச்சியில், ஒற்றைக்கண்ணை மூடியும் மூடாமலும், கப்பித்தான் உட்கார்ந்திருந்தான்.

"இவனா? சாக்குல கட்டி யாரோ ஏத்திவிட்டது தம்பி" என்றார் சுடலைக்கண்ணன். "வந்ததுலருந்து தோணில ஒரு எலி இல்ல. எங்க பயலுவ சாப்பிட்ட பெறவுதான் இவன் சாப்பிடுதான். நம்மள விட மரியாதை தெரிஞ்சவன்."

ஊரில் எலி வளர்ப்பதாகச் சொன்ன பொம்பளையின் பூனை இதுதான் என்று சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். கரையில் இறக்க எனக்குத் துணிவில்லை. அனுமதி இல்லாமல் மிருகத்தை இறக்கினால் என் விசாவுக்கு என்ன ஆகும் என்று பயம். திரும்புகாலில் அவரே கொண்டுபோய் அக்கா கையில் கொடுப்பதாகச் சொன்னார். படம் எடுத்து அனுப்பினேன்.

அக்கா உடனே கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் முதலில் கேட்டது.

அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன். "அதான் கெடச்சிட்டான்லக்கா. இனி வலையை அவுத்துரு. விக்டர் அண்ணன் எனக்குப் போன் பண்ணி..."

"ஓ. அவன் ஒனக்குப் போன் பண்ணுதானா?"

"கெஞ்சுதாருக்கா."

"கப்பித்தான் வந்து வாசல்ல எறங்கணும். அவன் வந்து, தெருவே பாக்க, அந்த வாயில்லாச் சீவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அதுவரைக்கும் எலி திங்கட்டும். சிப்பத்தத் தின்னு முடிச்சிட்டு அவன் வேட்டியையும் திங்கட்டும். நீ கூடப் பொறந்தவனா, அவன் தரகனா? இனி அவனுக்காகக் கூப்பிட்ட, போனை எடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

வைத்துவிட்டாள். சொன்னால் செய்கிறவள் என்பதால் இரண்டு மூன்று நாள் நானும் கூப்பிடவில்லை.

இன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது விக்டர் அண்ணன் கூப்பிட்டார். குரல் தெளிவாக இருந்தது, சந்தோஷமாகவே இருந்தது.

"தம்பி டெரன்சு, இனி நீ ஒன் அக்காகிட்ட ஒண்ணும் பேசாண்டாம். பூனையும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். மருந்து வச்சிட்டேன். நெத்திலிப் பொடில பெசஞ்சு வச்சேன், அவ்வளவையும் தின்னுருச்சு."

"எலி செத்துருச்சா அண்ணே?"

"கிட்டங்கிக்குள்ள ஒண்ணு கெடக்கலியே! தாகம் எடுத்துத் தண்ணி தேடி ஓடிருதுல்லா. தள்ளாடிக்கிட்டே போகுது, கள்ளு குடிச்சவன் மாதிரி."

"எங்க போகுது?"

"சாக்கடை ஓடை வழியாத்தான். ஓடை... ஒங்க அக்கா முத்தத்துக்குள்ளதான போகுது."

வலை பூனைகளைத்தான் தடுக்கும். ஓடைத் துவாரத்தில் எலி நுழைவதை அது தடுக்காது. தள்ளாடி வருகிற எலியைப் பிடிக்கச் சீமாட்டிக்கு எழுந்துகூட நிற்க வேண்டாம். கள்ளன் பிடித்தால் கேட்கவே வேண்டாம், முழுதாக விழுங்குவான்.

"போய்ச் சொல்லுங்கண்ணே! இப்பமே போங்க!"

"போனேன்டே. எனக்கும் மனசு கேக்கல. கதவத் தட்டுனேன். என் சத்தம் கேட்டதும் டிவி சத்தத்தக் கூட்டிட்டா. மருந்து வச்சிருக்கேன்னு கத்துனேன், இன்னும் கூட்டிட்டா."

போனை வைத்து அக்காவைக் கூப்பிட்டேன். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். ரீனாவிடம் சொல்லி அவளைக் கூப்பிடச் சொன்னேன். "என் போனையும் எடுக்கல மாமா, நீங்க சொல்லிக் குடுத்துப் பேசுதேன்னு நெனைக்கா" என்று அவள் அழ ஆரம்பித்தாள். அத்தானின் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ. 'விக்டருக்காக இல்லைக்கா, எலி மருந்து, பூனைகளைத் தனி ரூமில் போட்டுப் பூட்டு' என்று எழுதி அனுப்பினேன். குரலிலும் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு கோடு விழுந்தது. திறந்து பார்த்ததற்கான நீலம் வரவில்லை.

திரையில் என் பெயரைப் பார்த்திருப்பாள். தரகன் கூப்பிடுகிறான் என்று போனைக் கவிழ்த்து வைத்திருப்பாள். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. திரும்பவும் அழுத்தினேன். அங்கே மணி அடிக்கிறது.